நாம் எடுத்த முடிவு

ஜனவரி 20, திங்கள்

எங்கள் தலைமையாசிரியர் எங்களுக்குப் படிக்கக் கொடுத்த மூன்று புத்தகங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பின்னட்டையை மட்டும் படித்திருக்கிறார். இன்று கூட்டத்தில் அவர் பேசியது முழுக்கப் பின்னட்டை. நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்து போனேன். ஒரு வரி பிசகவில்லை. பக்கத்தில் இருந்த கணிதத் துறைத் தலைவர் என் விரலைப் பார்த்துவிட்டு, சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்வது. மூன்று புத்தகத்துக்கும் இதுதான் பொருள். துறைத் தலைவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கட்டு, மாதம் ஒருமுறை வாசிப்பு வட்டம். மேலே அவர், கீழே ஆசிரியர்கள், நடுவில் நாங்கள். மேலிருந்து வருவதைக் கீழே தள்ள வேண்டும். கீழிருந்து வருவதை மேலே தள்ளக் கூடாது. இதற்கு எதற்கு மூன்று புத்தகம்?

முதல் புத்தகத்தின் அட்டையில் நீளமான ஒரு படகு. எட்டுப் பேர் முதுகு வளையத் துடுப்புப் போடுகிறார்கள். ஒன்பதாவது ஆள் துடுப்பே இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் டயர் கடை வேலை முடிந்து வீட்டுக்கு வந்த என் தம்பி கையைக்கூடக் கழுவாமல் எடுத்துப் பார்த்தான்.

"யாரு இது, உங்க மைக்கா?"

தலைமையாசிரியருக்குப் பள்ளியில் அதுதான் பெயர். இரண்டு பேர் இருக்கும் அறையிலும் மேடையில் நிற்பது போலத்தான் பேசுவார்.

"அக்கா, எந்தப் பக்கத்துல சம்பளம் ஏறும்னு பாத்து அத மட்டும் படி."

ஜனவரி 23, வியாழன்

புத்தகங்கள் ஆங்கிலத்தில். ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டுவதற்கு ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுத வேண்டுமாம். "உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வருது டீச்சர்." நல்லா வந்தது என் குற்றம்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். 'We' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நாம் என்று போடுவதா, நாங்கள் என்று போடுவதா? எழுதியவருக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர் மொழியில் யாரைச் சேர்க்கிறோம், யாரை வாசலில் நிறுத்துகிறோம் என்று சொல்லாமலே ஒரு புத்தகம் முழுக்க எழுதிவிடலாம். நான் யோசித்து, நடப்பது எதுவோ அதையே எழுதினேன்: "நாங்கள் திட்டமிடுகிறோம்."

மைக் வந்து பார்த்தார். "நாம்னு போடுங்க. நாங்கன்னா பிரிக்கிற மாதிரி இருக்கு பாருங்க."

அவர் போன பிறகு வேதியியல் அக்கா விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "பிரிக்கிறவருக்குத்தான் அது மொதல்ல கண்ணுல படும்."

என் துறையில் நாங்கள் நாலு பேர். இயற்பியல் நான். வேதியியல் அக்கா. உயிரியலுக்கு ஒரு சார், நாற்காலியை விட்டு எழுவதே இல்லை என்பதால் அவர் பெயர் தாவரம். கீழ் வகுப்புகளுக்குப் போன வருடம் வந்த சின்ன டீச்சர். தாவரமும் நானும் நிரந்தரம். மற்ற இருவரும் ஒப்பந்தம். அக்காவின் ஒப்பந்தம் பதினோரு வருடமாக ஒவ்வொரு பிப்ரவரி முடிவிலும் புதுப்பிக்கப்படுகிறது. பதினோரு வருடம் பாடம் நடத்தியவர் இன்னும் தற்காலிகம். இதை எந்த அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்கள்?

ஜனவரி 30, வியாழன்

மைக் கூப்பிட்டார். மேல் வகுப்புகளுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வருகிறது. அவர்களுக்கு நேரம் வேண்டும். அறிவியல் பாடவேளைகள் குறையும். மார்ச்சிலிருந்து நாலு பேர் வேலையை மூன்று பேர் பார்த்தால் போதும்.

"யாருன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க குழு, நீங்க முடிவு பண்ணுங்க. மேலேருந்து திணிக்கிறவன் தலைவன் இல்ல."

பின்னட்டை, இரண்டாவது புத்தகம், மூன்றாவது வரி.

யாரென்று சொல்லவே தேவையில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் இருவரில் சின்ன டீச்சருக்கு அக்காவின் சம்பளத்தில் பாதிதான். போகப்போவது அக்கா.

அக்காவின் கணவர் விபத்துக்குப் பிறகு வீட்டில் இருக்கிறார். மூத்த பெண்ணுக்கு அடுத்த வருடம் கல்லூரி. மதியம் அக்கா தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து என் மூடியில் வைத்து, "என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? மைக் கடிச்சிட்டானா?" என்றார். தலைவலி என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

ஒரு வழி தோன்றியிருக்கிறது. முடியாது என்று வாயால் சொன்னால் எதிர்மறை மனப்பான்மை என்பார். அதனால் காகிதத்தில் காட்டப்போகிறேன். மூன்று பேரை வைத்து முழு கால அட்டவணையையும் போட்டு, அது எவ்வளவு கொடுமை என்று அவர் கண் முன்னால் வைப்பது.

மூன்று நாளாக அதே வேலை. தாவரத்துக்குப் புதன்கிழமை முழுக்க ஓர் இடைவேளை கிடையாது. செய்முறை வகுப்பு எல்லாம் சாப்பாட்டு நேரத்தில். வேதியியல் நடத்தப்போவது நான். கடைசியாக நான் வேதியியல் படித்தது கல்லூரி முதல் வருடத்தில், அதுவும் தேர்வுக்கு முந்தின வாரம். மோசமான கட்டங்களுக்கெல்லாம் சிவப்பு அடித்தேன். தாள் ரத்தக்களறியாக இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு வெள்ளிக்கிழமை மட்டும் கடைசிவரை இடித்தது. அப்படியே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. இரண்டு வகுப்பை இடம் மாற்றிப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

சந்தோஷப்பட்டேனே, அதற்குக் கிடைத்தது.

மைக் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பைப் பார்க்கவில்லை. காலிக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"பிரமாதம் டீச்சர்! ஒரு இடம்கூட இடிக்கல."

"சார், இது முடியாதுன்னு காட்டத்தான் போட்டேன்."

"ஆனா முடியுதே."

"அந்தச் சிவப்பெல்லாம் பாருங்க சார். மனுசங்க தாங்க மாட்டாங்க."

"அட்டவணை தாங்குதுல்ல? ஆளுங்க பழகிருவாங்க."

தாளை மடித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கேட்காமலே தூக்குக் கயிற்றைத் திரித்து, முடிச்சும் போட்டு, இழுத்துப் பார்த்து, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்காவிடம் இன்றும் சொல்லவில்லை. எப்படியாவது நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று — என்ன நிறுத்தினேன் இதுவரை?

பிப்ரவரி 13, வியாழன்

ஆசிரியர் அறையில் நடந்த கூட்டத்தில் மைக் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டார். "குழுவா வேலை செய்றதுன்னா என்னன்னு அறிவியல் துறை காட்டியிருக்கு. அவங்களே முன்வந்து, மூணு பேர் போதும்னு, அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்காங்க. இது நான் எடுத்த முடிவு இல்ல. நாம எல்லாரும் சேந்து எடுத்த முடிவு."

கை தட்டினார்கள். கை தட்டுகிற விஷயமா என்று யோசிக்காமலே தட்டினார்கள். அக்காவும் ஒன்றிரண்டு தட்டினார். பிறகுதான் மூன்று பேர் என்பது அவருக்கு உறைத்தது. என் பக்கம் திரும்பினார். நான் சுவரைப் பார்த்தேன். நான் எழுதிய சுருக்கத் தாள்தான் அங்கே ஒட்டியிருந்தது.

ஆய்வகத்தில் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. குடுவைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா என் சாப்பாட்டத் தின்னிருக்க."

"அக்கா, அத நிறுத்தத்தான்..."

"எனக்கு ரெண்டு வாரம் கெடச்சிருக்கும்டி. நாலு எடத்துல வேல கேட்டிருப்பேன். அத நீ எடுத்துக்கிட்ட. எதுக்கு?"

எதுக்கு. நானும் ஒரு துணியை எடுத்து அடுத்த குடுவையைத் துடைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

தாவரத்தையும் சின்ன டீச்சரையும் உட்காரவைத்துப் பேசினேன். மூன்று பேரும் ஒன்றாகப் போய், இந்த அட்டவணைப்படி வகுப்பெடுக்க மாட்டோம் என்று சொன்னால் போதும். மைக்கால் ஒன்றும் செய்ய முடியாது. அணியாக நில்லுங்கள் என்றுதானே மூன்று புத்தகமும் தொண்டை கிழியக் கத்துகின்றன?

தாவரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு இன்னும் ரெண்டு வருசம்மா. ஓய்வு ஊதியம் கைக்கு வர்ற நேரம். என்ன விட்டுரு."

சின்ன டீச்சர் அழுதுவிட்டாள். "நீங்க நிரந்தரம் அக்கா. திட்டுவாங்க, அவ்வளவுதான். நாங்க அப்படியா? நாங்க வாயத் தொறந்தா அடுத்த மாசம் இருக்க மாட்டோம்."

அந்த நாங்களில் அவளும் வேதியியல் அக்காவும் இருக்கிறார்கள். நான் இல்லை. அவள் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. அதனால்தான் சுடுகிறது.

அவள்மீது கோபப்படக்கூட முடியவில்லை. பாதிச் சம்பளத்துக்கு ஆளைப் பிடித்து, அந்தப் பாதியையும் பறித்துவிடுவோம் என்று வருடம் முழுக்கப் பயத்தில் வைத்துவிட்டு, பிறகு குழு உணர்வு பற்றி அவளுக்குச் சுருக்கம் எழுதி ஒட்டுகிறோம். எழுதினது யார்? நான்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி

துறைத் தலைவர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மைக்கிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தாராளமா. சின்ன டீச்சருக்குக் குடுத்துடறேன். அவங்க மறுத்துப் பேச மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இருந்தா அந்தப் பொண்ணுக்காவது நல்லது. யோசிங்க."

மனிதருக்கு மூளை இருக்கிறது. புத்தகம் படிக்காமலே எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்.

நிர்வாகக் குழுவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "உங்க துறையே குடுத்த திட்டம்னு சொன்னாங்களேம்மா" என்றார் செயலாளர். அட்டவணையை அனுப்பிவைத்திருக்கிறார் மைக். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து. சிவப்பு எதுவும் தெரியாது.

பதவியை விடவில்லை. விடாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாத இடத்தில் இருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

அக்கா போய்விட்டார். ஒரு துணிப்பை, இரண்டு குடை. ஆய்வகச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் தரவில்லை.

மார்ச் 12, புதன்

காலையிலிருந்து ஆறு வகுப்பு. சாப்பிடவில்லை. தாவரம் மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எழுப்பிவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய மருந்துக்கடைக்குப் போனேன். வழக்கமான கடையில் இருப்பு இல்லை. கவுண்டருக்குப் பின்னால் அக்கா. நீல மேலங்கி.

திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"வாங்க டீச்சர்."

வாங்க. டீச்சர். இத்தனை வருடம் நீ, வா, போடி என்று கூப்பிட்ட வாய்.

சீட்டை வாங்கிப் படித்தார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி. அம்மாவுக்கு வயிறு எரிஞ்சா இந்தக் கம்பெனி வேண்டாம், மாத்தித் தர்றேன்." வகுப்பில் நிற்பாரே, அதே நிதானம். பொறுமையாக விளக்கினார்.

"எப்படி இருக்கீங்க அக்கா?"

"நிக்கிற வேல. பழகிருச்சு." பையை என் பக்கம் நகர்த்தினார். "வேற ஏதாவது வேணுமா?"

பின்னால் ஆள் நின்றது. இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். ஏதாவது கிண்டல் பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 9, புதன்

வாசிப்பு வட்டம். மூன்றாவது புத்தகத்திலிருந்து பேச வேண்டியது என் முறை. தலைவர் காது கொடுத்துக் கேட்பது பற்றிய அத்தியாயம். உண்மையைச் சொன்னால், நல்ல அத்தியாயம். எழுதிய ஆள் எங்கேயோ ஒரு பள்ளியில் அடிபட்டுத்தான் எழுதியிருக்கிறார். எங்கள் கையில் கிடைத்தது அவர் தலையெழுத்து.

எழுந்து நின்றேன். தயார் செய்துகொண்டு போன குறிப்பை எடுக்கவில்லை.

மார்ச்சிலிருந்து ஒன்பதாம் வகுப்பு ஒரு செய்முறையும் செய்யவில்லை என்றேன். காலையில் நான் படித்த பாடத்தைத்தான் பதினொரு மணிக்கு நடத்துகிறேன் என்றேன். இன்று ஒரு பெண், பாடத்தில் வரும் கரைசல் ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டாள். நாளை சொல்கிறேன் என்றேன். போன வாரம் கேட்டதற்கும் நாளைதான் சொல்லியிருந்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டாள். இதையும் சொன்னேன்.

அந்த அட்டவணை தப்பு, போட்டவள் நான், நானே சொல்கிறேன் தப்பு என்றேன்.

மொழித் துறைத் தலைவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். கணிதத் துறைத் தலைவர் தன் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடுவது போலப் பக்கங்களைத் தள்ளினார். மைக் சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நடுவில் குறுக்கிடாமல், தலையை லேசாகச் சாய்த்து.

"அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க சார்."

நான் உட்காருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். உட்காராமல் இன்னொரு தடவை சொன்னேன்.

"சார். அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க."