ஒரு சைஸ் பெரிதாக

அன்புள்ள ஜஸீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் நம் மகள் அனமும் சுகம்தானே?

பயப்படாதே, நல்ல சேதிதான்! நேற்று நான் வேலை பார்க்கும் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்கு ஒருவன் ஒரு சிறுமியோடு வந்து, மகளென்று சொல்லி ஃப்ராக் கேட்டான். சைஸ் கேட்டால் தெரியவில்லை. வளர்கிற பிள்ளைக்கு யாரும் ஒரு சைஸ் பெரிதாகத்தானே எடுப்பார்கள்? இவனோ, "ஒரு நாளைக்குத்தாம்பா, கரீட்டா குடு" என்றான். சிறுமியிடம் பேர் கேட்டேன். பயந்துபோய் அவன் முகத்தைப் பார்த்தாள். நான் ஜாடை காட்டியதும் முதலாளி மஜீது பாய் டீ கொடுத்து அவனை உட்கார வைக்க, உள்ளே போய்க் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்டேன். கடத்தி வந்த பிள்ளையாம்! போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது. பிள்ளை தாயிடம் சேர்ந்துவிட்டாள். "சோக்கா கண்டுபுட்ச்சிகீற நைனா!" என்று பாய் என்னைக் கட்டிக்கொண்டார்.

கடை திறந்துவிட்டார்கள், ஓட வேண்டும். அனமின் உயரத்தை ஒரு நூலில் அளந்து அனுப்பு. அவளுக்கு ஃப்ராக் எடுக்கப் போனேன். சைஸ் எனக்கும் தெரியவில்லை.

உன்
மொஹ்சின்