அவர்கள் கப்பலில் ஏறவில்லை

இல்லை, என் செல்ல அக்கா. நன்றாக இல்லை. நீ இதைத்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நாவலைப் படமாக எடுத்துவிட்டார்கள். பார்த்துவிட்டேன். நன்றாக இல்லை என்பது நான் தேடிப் பிடித்த மரியாதையான சொல்.

ரவாங்கில் பார்த்தோம். அம்மாவும் நானும். பகல் காட்சி. அம்மா தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டார். அரங்கின் குளிருக்கு உன் தொழிற்சாலை ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொண்டார். படம் முடிந்து வெளியே வந்த பிறகும் கழற்றவில்லை.

இது எல்லோரும் படிக்கப்போகிற கடிதம். உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

'மூன்றாம் நிலவு லயம்'. அசாம் ஜாவாவிலிருந்து ரவாங்குக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் கட்டைவிரலால் நீ எழுதிய நாவல். எங்கோ ஒரு கோளின் மூன்றாம் நிலவில் ஒரு தோட்டம். அங்கே, எண்ணெய்க்கு வளர்க்கிற நம் செம்பனை மாதிரியே ஒரு மரம். கோலசிலாங்கூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒப்பந்தத்தில் அழைத்துப் போன குடும்பங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கப்பல் வரும் என்றார்கள். வரவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் வருகிறது. 'வந்த இடத்துக்கே திரும்பிப் போகலாம்' என்று அறிவிக்கிறது. ராக்காயி, முழங்கால் வலியோடு பழம் வெட்டுகிறவள், ஐம்பது வயது. கூடையை இறக்கிவைக்கிறாள். 'நான் ஏறல' என்கிறாள். பிறகு இன்னொருத்தி. பிறகு ஒரு கிழவன். கப்பல் காலியாகத் திரும்புகிறது.

அவ்வளவுதான் கதை. அதற்கே பெர்ஜுந்தை ஊர்ப் பையன்கள் ஃபுட்சால் சட்டை முதுகில் 'நான் ஏறல' என்று அச்சடித்துக்கொண்டார்கள். யாரோ லோரிக்குப் பின்னால் எழுதினார்கள். நீ அதைப் படம் பிடித்து, கீழே இப்படி எழுதி எனக்கு அனுப்பினாய்: 'டிரைவரே ஏறலன்னா லோரி எப்படிலா ஓடும்?'

படத்தில் எல்லோரும் ஏறுகிறார்கள்.

ஓடிப்போய் ஏறுகிறார்கள். ஓட்டத்தை மெதுவாக்கிக் காட்டுகிறார்கள், பின்னால் வயலின். ராக்காயிக்கு இருபது வயதுதான் இருக்கும். முழங்கால் நன்றாக இருக்கிறது. கப்பல் எங்கே இறங்குகிறது தெரியுமா? தமிழ்நாட்டில். ஆறு, மாடு, கோபுரம். ராக்காயி கீழே விழுந்து மண்ணை முத்தமிடுகிறாள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

கோலசிலாங்கூர் எங்கே போனது? உன் ராக்காயியின் தாத்தா கோலசிலாங்கூரில் பிறந்தவர். படத்தில் அந்த ஊர் இல்லை. நாம் இல்லை. நம் கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதற்கும் இன்றைக்கும் நடுவில் இருக்கிற அத்தனை வருடங்களையும் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டார்கள்.

செம்பனையும் இல்லை. மலையில், தேயிலைத் தோட்டத்தில் எடுத்திருக்கிறார்கள். செம்பனை கேமராவில் அழகாகத் தெரியாதாம். உன் நாவலில் வேலை வாங்குகிற மண்டோர் வெறும் குரல். காலையில் ஒலிபெருக்கியில் வேலை பிரித்துக் கொடுக்கும் ஓர் இயந்திரக் குரல், அதற்குக் கோபமே வராது, அதனால்தான் பயம். படத்து மண்டோருக்குத் தங்கச் சங்கிலி, கையில் ஒளிவிடும் சாட்டை. படத்தின் பெயரில் 'தாய்' இருக்கிறது. உன் புத்தகத்தில் அந்தச் சொல் ஒரு பூனையைப் பற்றி மட்டும்தான் வரும்.

ஒரு காட்சி நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில், இருட்டில், பெண்கள் நெற்றி விளக்கோடு வேலைக்கு இறங்குகிறார்கள். பேச்சில்லை. பூட்ஸ் சத்தம் மட்டும். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஒரு பாட்டு வந்து அதைக் கெடுத்தது.

பிறகு பிடிமண்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாம் இருந்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கிளம்புகிற அன்று முனியாண்டி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார்கள். லோரியில் நீதான் அதை மடியில் வைத்திருந்தாய். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டினாய், நான்தான் லோரியைக் குலுக்குகிற மாதிரி. புதிதாகக் குடிவந்த அசாம் ஜாவாவில் குழி தோண்டி, அந்த மண்ணைப் போட்டு, அதன்மேல் சூலம் நட்டார்கள். அன்றிலிருந்து அது இந்த ஊர் மண். மறுபடி யாரும் அதைத் தோண்டுவதில்லை. தோண்டினாலும் கிடைக்காது, கலந்துவிட்டது.

உன் நாவலே அதன்மேல்தான் நிற்கிறது. கப்பல்காரனிடம் ராக்காயி கேட்பாள்: 'எங்க தாத்தா கொண்டாந்த மண்ணு எது, இங்க இருந்த மண்ணு எது? பிரிச்சுக் குடு. நான் ஏறிக்கிறேன்.'

படத்தில் அவள் சூலத்தைப் பிடுங்கிப் போடுகிறாள். கீழே இருந்து ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு ஓடுகிறாள். அக்கா, சூலத்தைப் பிடுங்குவது வில்லன் இல்லை. கதாநாயகி. அது பக்தியாம். இத்தனை பேர் சேர்ந்து எடுத்த படத்தில், ஒருவர் வீட்டிலும் பிடிமண் எடுத்து வந்து சாமி வைத்ததில்லையா? ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையா?

தஞ்சோங் காராங் சந்தை நினைவிருக்கிறதா? வண்டி நிறுத்துகிற இடத்துக்காக ஒருவன் உன்னோடு சண்டைக்கு வந்தான். 'பாலிக் இந்தியா லா' என்றான். இந்தியாவுக்கே திரும்பிப் போ. நீ மலாயிலேயே திருப்பிக் கேட்டாய்: 'அங்க எந்த பஸ் போகுது? நம்பர் சொல்லு.' சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவனும் சிரித்துவிட்டான். வாய்க்கால் ஓரமாகவே நீ சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினாய். வீட்டு வாசலில் நிறுத்தியபின் இறங்கவில்லை. நான் சுற்றி வந்து கதவைத் திறந்தேன். 'நான் எங்கயும் போகலடி' என்றாய், யாரோ உன் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி.

அடுத்த வாரம் பஸ்ஸில் முதல் அத்தியாயம் எழுதினாய்.

அவன் சொன்னதைத்தான் இந்தப் படம் சொல்கிறது. நம் மொழியில். வயலினோடு. அதற்கு நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம்.

உன்மேலும் கோபம்தான். படமாக்கச் சம்மதித்தது நீ. கட்டிலில் சாய்ந்தபடி, ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் கையெழுத்துப் போட்டாய். 'முழுசா படிச்சுப் பாத்தியா?' என்று கேட்டேன். 'நம்ம செம்பனைய பெரிய திரையில பாக்கணும்டி. அது போதும்' என்றாய். அதுவும் கிடைக்கவில்லை. முடிவை மாற்றக் கூடாது என்று ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா? அவ்வளவு அவசரமா? அவசரம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் நம் வீட்டுக்கு வந்தார். பழக்கூடையோடு. இங்கே ராசா ஊர்க்காரர், சின்ன வயதுதான். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அம்மா காலில் விழுந்தார். வெறுப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்த எனக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

நாவலை மறுபடி அச்சிடப் போகிறார்களாம். அட்டையில் படத்து நடிகை. உள்ளே கடைசி அத்தியாயம் மட்டும் மாறும். படத்தில் இருக்கிறபடி யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதியவர் என்று உன் பெயர்தான் போடுவார்கள். புத்தகத்தின் உரிமை நீ போனபிறகு அம்மாவுக்கும் எனக்கும் வந்தது. இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும்.

"படம் பாத்துட்டு புக் வாங்குறவங்க கன்ஃபியூஸ் ஆயிடுவாங்க சிஸ். அதுக்குத்தான்."

"ஆகட்டும்."

"நானும் எஸ்டேட் பையன்தான். எனக்கு அந்த எண்டிங் புரியும். ஆனா இந்தியாலயும் ஓடணும்ல? அங்க பாக்குறவங்களுக்கு, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாதான் சந்தோஷம்."

"ஷூட்டிங் முடிஞ்சு நீங்க எந்த வீட்டுக்குப் போனீங்க?"

"ராசாவுக்கு" என்றார். பிறகு தேத்தண்ணீரைக் கலக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கலக்கிய தேத்தண்ணீர்.

"அவ கெடக்குறா தம்பி" என்றார் அம்மா. "யூனிவர்சிட்டிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து சோத்துல உப்பு போட்டாகூட ஏன்னு கேக்குறா. நீங்க முறுக்கு எடுத்துக்குங்க."

அவர் காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு முறுக்கைக் கையில் வாங்கிக்கொண்டு போனார். கார் முனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றார். உள்ளே வந்ததும் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது; நான் கவனிக்காத நேரத்தில் போட்டிருக்கிறார்.

"போடுடி."

"போட மாட்டேன்."

"அவ பேரு திரையில வந்துச்சு. அத்தன பேரு உக்காந்து பாத்தாங்க. ஒனக்கு அது பத்தலயா?"

"அவ எழுதுனது அது இல்லம்மா. அவ எழுதுனதுக்கு நேர் எதிர்."

"கத என்னா கத. எனக்கு அவ பேரு வேணும். கடையில அவ பேரு போட்ட புஸ்தகம் அடுக்கி வச்சிருந்தா, நான் பஸ் புடிச்சாச்சும் போயி பாத்துட்டு வருவேன். பழைய புஸ்தகம் எந்தக் கடையிலடி இருக்கு? சொல்லு. எந்தக் கடையில?"

எந்தக் கடையிலும் இல்லை. தீர்ந்துபோய் வெகுநாளாகிறது. எல்லோரும் கைப்பேசியில் கோப்பாக அனுப்பிக்கொள்கிறார்கள், அம்மாவின் கைப்பேசிக்கு யாரும் அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பேசிக்கொண்டிருந்த இத்தனை நாளும், உன் பெயரை எங்காவது ஒரு கடையில் பார்க்க அம்மா தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்பதற்கு ஒன்றுதான் மிஞ்சியது.

"கடைசி அத்தியாயம் படிச்சியாம்மா நீ?"

"இல்ல."

"நடுவுல?"

"எதையும் படிக்கல. தொறந்தா அவ பேசுற மாதிரியே இருக்கு. மூடி வச்சிருவேன்." அவர் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். "நீ என்னமோ அவளுக்காகச் சண்ட போடுற மாதிரி பேசுற. பெத்தவ நானு. எனக்கு ஆச இருக்காதா?"

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போட்டு மேசையில் வைக்கிறார். தட்டு வைக்கிற சத்தத்தில் நான் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன். நேற்று என் துணிகளைத் தனியாகத் துவைத்தார். அம்மாவின் கோபம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ இருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது கிறுக்குத்தனமாகச் சொல்லி எங்கள் இருவரையும் சிரிக்க வைத்திருப்பாய். இப்போது யார் புகுவது?

அம்மாவுக்காக விட்டுக்கொடுக்கலாமே என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கதைதானே. முடிவுதானே. படிக்கிறவர்கள் எத்தனை பேர். நான் இரண்டு நாள் அதை யோசித்தேன். உன் பெயருக்குக் கீழே ராக்காயி சூலத்தைப் பிடுங்குகிறாள், ஓடுகிறாள், ஏறுகிறாள். நாளைக்கு ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, ஏறுவதுதான் சரி என்று அக்காவே எழுதியிருக்கிறாள் என்பாள். சந்தையில் அவனுக்கு நீ சொன்ன பதிலை உன் வாயாலேயே திரும்பப் பெறுவது போல. நீ மறுத்துப் பேச முடியாத இடத்தில் இருக்கிறாய்.

எனவே வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை, நீ எழுதாத ஒரு வரி உன் பெயரில் அச்சாகாது. உன் புத்தகம், உன் முடிவோடு, மறுபடி வரும். எப்படி என்று இன்னும் தெரியாது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு கடையிலாவது இருக்கும். அது என் வேலை.

இன்று காலை இயக்குநருக்கு 'சம்மதமில்லை' என்று எழுதி அனுப்பினேன். அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அம்மா குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, உன் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அம்மா குழாயை மூடினார்.

கோபம் ஆறாத உன் தங்கச்சி,
சுமதி