யார் பிள்ளையாக இருந்தால் என்ன

12-11-35, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்து ஒரு வாரம். அடுத்த மாதம் ஜொகூர் பாருவில் மருத்துவச்சிப் பரீட்சை. ரோஸும் நானும் ஒரே அறை, ஒரே புத்தகம். அவள் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். நான் வாசித்து மூடிவிட்டு என்னையே கேட்டுக்கொள்கிறேன். பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காவிட்டால்? பாதிதான் வந்தது. அழுகை.
"ஏன்டி உன்னையே வதைச்சிக்கிற? இன்னொரு தடவ படிச்சா ஏறிடும்" என்றாள் ரோஸ்.

13, புதன்
சோப்பு வாங்க வேண்டும். செருப்பு காயவில்லை.
அதே கேள்வி. இன்று எல்லாம் வந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் 'ஏன்?' குழந்தையை மார்பில் விட வேண்டும். ஏன்? தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். சப்பச் சப்பக் கருப்பை சுருங்கும்; இரத்தம் அடங்கும். ரோஸ் ஒப்பித்தால் ஒரு சொல் பிசகாது. எனக்குத் திக்குகிறது. தேற மாட்டேனோ.

15, வெள்ளி
இப்போதுதான் கை கழுவிவிட்டு எழுதுகிறேன்.
தலைமை நர்ஸ் பெரிய மிசி சிகாமட் டவுனில். பாதையில் வெள்ளம், வர முடியவில்லை. ரோஸ், நான், மருந்து கொடுக்கும் டிரெஸர் மட்டும். பால்மரம் வெட்டும் மாரியாயிக்குக் காலையில் பிரசவம். ஆண். மூச்சில்லை. எவ்வளவோ பார்த்தோம். பிறகு அவளுக்கு இரத்தம். வயிற்றைத் தேய்த்தேன். குழாய் விட்டுச் சிறுநீர் எடுத்தோம். டிரெஸர் ஊசி போட்டார். நிற்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது.
"அடுத்தது புள்ளைய மார்ல விடணும்" என்றாள் ரோஸ். "புள்ளதான் இல்லையே."
சப்ப வேண்டும், அவ்வளவுதானே. யார் பிள்ளையாக இருந்தால் என்ன?
பால்குடிப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவர, மாரியாயியின் புருஷனைத் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஓடச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் காளியம்மா கைக்குழந்தையோடு நனைந்து வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"செத்த புள்ள பெத்தவகிட்டயா மிசி? பயமா இருக்கு."
"இல்லேன்னா இவளும் போயிடுவாக்கா."
கொடுத்தாள். மாரியாயி கண்ணைத் திறக்கவில்லை. பிள்ளை சப்பியது. என் உள்ளங்கைக்குக் கீழே வயிறு மெல்ல இறுகியது. துணி மாற்றினோம். மறுபடி மாற்றினோம். கறை குறைந்திருந்தது. டிரெஸர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

16, சனி
மழை விட்டது. பெரிய மிசி வந்து பார்த்தார். "யாரு சொல்லிக் குடுத்தா?" யாருமில்லை என்றேன்.
ரோஸ் புத்தகத்தை என் மடியில் போட்டாள். "என்னையும் கேளுடி. ஏன்னு கேளு."

17, ஞாயிறு
மாரியாயி கஞ்சி குடித்தாள். சாயங்காலம் காளியம்மா பார்க்க வந்தாள். பார்த்தால் இவள் மனம் நோகுமோ என்று பிள்ளையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். மாரியாயி கை நீட்டினாள்.
"பாலு கட்டிக்கிட்டு மாரு வலிக்குதுக்கா. புள்ளையக் குடு."
கொடுத்தாள். நான் வெளியே போய் நின்றேன்.