நீங்கள் கழற்றச் சொல்லாத தாலி

அன்புள்ள அக்கா,

வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டு, நீலம் முக்கிக் கொடியில் உலர்த்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஞானஸ்நானம். ஈரத்துணியின் இந்தக் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் கீழ்க்கட்டளை வயல்காட்டு மோட்டார் ரூமுக்குள் போய் நின்றுவிட்டேன். அங்கே நீங்களும் நிற்கிறீர்கள். சரி, துணி காய்வதற்குள் உங்களோடு பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. கீழ்க்கட்டளையில் வயல் இருந்தது என்றால் இப்போது என் மருமகள் சிரிக்கிறாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நம் சபையில் தொட்டி கிடையாது, பம்புசெட் தொட்டியில்தான் முழுக்கு. முழுகப் போகிற பெண்கள் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு முதலில் மோட்டார் ரூமில் உங்களிடம் வரவேண்டும். கம்மல், மூக்குத்தி, தாலி என்று குண்டுமணித் தங்கம்கூட உடம்பில் இல்லாமல் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, வீட்டாரிடம் கொடுப்பது உங்கள் பொறுப்பு. நகை போட்டவர்களுக்கு முழுக்கு இல்லை என்பது சபைச் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு நீங்கள் இருக்க வேறு காவல் வேண்டாம். ரப்பர் வளையலைக்கூட விடமாட்டீர்கள். மெட்டியை மறந்துவிட்டு வந்த ஒருத்தியைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றிவிட்டீர்கள் என்று கேள்வி. உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு 'செக்கிங் அக்கா' என்று பெயர். இனிமேல் சொன்னால் என்ன செய்துவிடுவீர்கள்?

ஆனால் என்னைச் சபைக்கு வர வைத்ததும் நீங்கள்தான். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நீங்கள் நர்ஸ். என் முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன அன்று, டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதீர்கள். பிரசங்கம் ஒரு வார்த்தை இல்லை. என் மாமியார் என்னை ராசி இல்லாதவள் என்று ஏசிக்கொண்டிருந்த நேரம். முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக எதற்கு அழவேண்டும் என்று யோசித்துக்கொண்டேதான் உங்கள் பின்னால் வந்தேன்.

என் வீட்டுக்காரர் அனகாபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற முதல் ஆளாக நிற்பார். இருந்தும் என்னைத் தடுக்கவில்லை, ஞானஸ்நானத்துக்குச் சைக்கிளில் அவரே கொண்டுவந்து விட்டார். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ எந்த சாமிய வேணா கும்புட்டுக்கோ. தாலிய மட்டும் கழட்டாத. நான் உசுரோட கீறப்போ அத்த கழட்டினா இன்னா அர்த்தம்?"

கழற்றினால் இந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது? கழற்றாவிட்டால் தண்ணீரில் இறங்க விடமாட்டீர்கள்.

மோட்டார் ரூமில் கம்மலும் மூக்குத்தியும் உங்கள் கைக்குப் போயின. தாலியைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே அவர் கேட்டதைச் சொன்னேன். நீங்கள் கதவிடுக்கு வழியாக வெளியே பார்த்தீர்கள். வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"நான் கழட்டினேன்," என்றீர்கள். உங்கள் குரல் அவ்வளவு சன்னமாகி நான் கேட்டதில்லை. "வெறுங்கழுத்தோட வீட்டுக்குப் போனேன். எங்க வீட்டுக்காரர் பாத்தார். மறுநாள் போனவர்தான், திரும்பி வரல. கர்த்தர் கேட்டுக் கழட்டினேனா, மனுஷங்க கேட்டுக் கழட்டினேனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நீ கழட்டாதம்மா."

முந்தானையை இழுத்து மூடிவிட்டு என்னை அனுப்பியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கள்ளத்தனமெல்லாம் உங்களுக்கு எங்கே வரும்? விறுவிறுவென்று தொட்டியருகே போனீர்கள்.

"பாஸ்டர், தாலி அவ கழுத்துலதான் இருக்கு. நான்தான் கழட்ட வேணாம்னு சொன்னேன்."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற பாஸ்டர் திகைத்துப் போனார். "நம்ம சபை முறை உங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்?"

"தெரியும் பாஸ்டர். அவ புருஷன் அங்க நிக்கிறார். அவர் மூஞ்சியப் பாத்து, கழட்டுன்னு நீங்களே சொல்லுங்க. கழட்டிடறேன்."

பாஸ்டர் வரப்பைப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்தவர்கள் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "எறங்கி வாம்மா" என்றார். அன்று தண்ணீருக்குள் போய் எழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இதுவரை யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

சபை மூப்பர்கள் சும்மா இருப்பார்களா? பாஸ்டரைத் தண்டிக்க முடியாது, அகப்பட்டது நீங்கள். பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்தக் கூடாது, மறு உத்தரவு வரும்வரை திருவிருந்தில் அப்பம் எடுக்கக் கூடாது என்றார்கள். அதுவும் சட்டம்தானே என்று கடைசிப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அப்பத்தட்டு உங்களைத் தாண்டிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் நானும் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள்: "நீ சாப்பிடணும்னுதானே நான் பட்டினி கெடக்கறேன்? பைத்தியக்காரி, ஒழுங்கா எடு!"

ஆறேழு வருஷம் கழித்து நீங்கள் போய்ச் சேர்ந்தபோது, பெட்டியைத் தூக்க உங்களுக்கென்று மகனோ அண்ணன் தம்பியோ இல்லை. யார் தூக்குவது என்று மூப்பர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்ச் சட்டையோடு வந்தார். அதுவரை சபை வாசலைத் தாண்டாதவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார். "எங்க அக்கா இது. நான் தூக்குறேன்," என்றார். மூப்பர்கள் விலகி வழிவிட்டார்கள்.

இப்போது உங்கள் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், அக்கா. சட்டம் மாறவில்லை, பாஸ்டர்தான் மாறியிருக்கிறார். கொஞ்சம் கறாரான பிள்ளை. நேற்று ஒரு பெண் வந்து, தாலியைக் கையில் பொத்திக்கொண்டு என் முன்னால் நின்றாள். அவள் வீட்டிலும் அதே கதைதான். கழற்ற வேண்டாம் என்றேன். "அய்யோ, பாஸ்டர் கேட்டா இன்னா சொல்றது அக்கா?" என்று பதறினாள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், "நீ ஒண்ணும் சொல்லாத. எல்லார் முன்னாலயும் நான் சொல்லிக்கிறேன்," என்றேன்.

உங்கள்,
தங்கை