எல்லைக்கல்லில் உட்கார்ந்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு, வினிஃப்ரெட்டின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

நேற்று வருஷ வழக்கப்படி ஊரே எல்லையைச் சுற்றி நடந்தது. மூன்று பக்கம் ஓடை, ஒரு பக்கம் குன்று. குன்றடியில் இருக்கும் எல்லைக்கல்லில் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கிப் பொத்தென்று உட்கார வைப்பார்கள். வலித்தால்தான் இடம் மறக்காதாம்.

திடீரென்று கொல்லர் ஹோரஸ், "டீச்சரம்மாவையும் தூக்குங்கப்பா!" என்றார்.

"ஐயோ, நான் வெளியூர்க்காரி!"

"நாலு வருஷமா இதையே சொல்றீங்க. நாளைக்கு யாராவது கல்லை நகர்த்தினா நீங்கதான் சாட்சி சொல்லணும்."

உட்கார வைத்தேவிட்டார்கள். பயப்படாதீர்கள், நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

ஓடையில் இறங்கியதில் என் காலுறை நனைந்துவிட்டது, கம்பளியில் ஒரு ஜோடி அனுப்புங்கள். கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட புத்தகமும் வேண்டும். இங்கே கடல் இல்லைதான். நீங்கள் படகு இறக்கும் நேரம் தெரிந்தால் போதும்.

பள்ளி மணி அடிக்கிறது.

உங்கள்
வினி