கிரேஸ் கம்மலும் சங்கத்துப் பதக்கமும்

அன்பு மகள் சுகாசினிக்கு அம்மா எழுதுறது. காமாட்சி புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம், சூரத்துல நீயும் மாப்பிள்ளையும் பசங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கணும். போன்ல சொன்னா சின்னவன் அழுவுறான்னு நடுவுல வெச்சிடுவே, அதான் எழுதறேன், முழுசா படி.

வெள்ளிக்கிழமை பத்தர் வீராசாமி பட்டறையில இருந்தவங்க நானு, நம்ம மகளிர் சங்கத்துச் செயலாளர் கலைவாணி, புதுத் தலைவி கிரேஸ், உன் அத்தை ஏலவார்குழலி. சங்கத்துப் பொன்னை உருக்குறப்ப நாங்க நின்னு பாக்கணும்னு வழக்கம், நாளைக்கு யாரும் மாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாது பாரு. ஆண்டு விழா அன்னிக்குத் தலைவி கழுத்துல போடற பதக்கம் ஞாபகம் இருக்குதா, தறி நாடா மாதிரி செஞ்சது. அதை முதல்ல செஞ்சப்ப ஆளுக்கு ஒரு பொட்டுத் தங்கம் குடுத்தோம். நம்ம வூட்டுத் தறிக்கு நூல் தார் சுத்த வந்துக்கினு இருந்த கிரேஸும் ஒத்தைக் கம்மல் கொண்டாந்தா. உன் அத்தைதான் வாங்கி வெக்கிறவ. எடை பத்தாதுன்னு வாயில சொன்னா, காலனிக்காரி பொன்னு கலக்கக் கூடாதுன்னு மனசுல. கம்மலைக் கையில குடுக்காம தரையில வெச்சா. நான்தான் குனிஞ்சு எடுத்து கிரேஸ் கையில குடுத்தேன். உன் அத்தை அன்னிக்குக் கட்டியிருந்த ஊதாப் புடவைகூட இப்பவும் கண்ணுல நிக்குது.

இந்த வருசம் கிரேஸையே தலைவி ஆக்கிட்டோம். போட்டுப் பாத்தா சங்கிலி கழுத்தை நெரிக்குது, இதுவரைக்கும் வந்த தலைவிங்க எல்லாம் ஒல்லிக்குச்சிங்க. ரெண்டு வெரல் நீட்டப் பொன்னு வேணும். கடையில புதுசா வாங்கிக்கலாம்னா உன் அத்தை. கிரேஸ் முந்தானை முடிச்சை அவுத்தா, அதே கம்மல்! எத்தினி கஷ்டத்துலயும் விக்காம வெச்சிருக்கா. பத்தரே, முதல்ல இது உள்ள போவட்டும், மத்ததெல்லாம் அப்புறம்னு சொல்லிட்டேன். ஏம்மா, என் பட்டறைக்கு வந்து என்னையே மெரட்டுறீங்களேன்னு சிரிச்சிக்கினே பொன் உருக்குற மூசையில போட்டாரு. உன் அத்தை என்ன பண்ணா தெரியுமா, தன் மோதிரத்தைக் கழட்டி அதுலயே போட்டுட்டு, அன்னிக்குப் பண்ணது தப்புன்னு கிரேஸ் கையைப் பிடிச்சிக்கினு அழுதா. விடுங்கக்கான்னு கிரேஸ் அவ கண்ணைத் துடைச்சு விட்டா. உருகினப்புறம் எது கம்மல் எது மோதிரம்னு தெரியல, எனக்கு அது ஒண்ணுதான் வயித்தெரிச்சல்.

மத்தபடி மனசு நெறைஞ்சு இருக்குது. ஞாயித்துக்கிழமை விழாவுல அரக்குப் பட்டு கட்டிக்கினு, பதக்கம் போட்டுக்கினு கிரேஸ் நடந்து வந்தா பாரு, தேர் அசைஞ்சு வர்ற மாதிரி இருந்தது. அப்பாவுக்கு முட்டி வலி தேவலாம்மா. பசங்களுக்கு சனிக்கிழமை எண்ணெய் தேச்சு விடு. தீபாவளிக்கு டிக்கெட்டு இப்பவே போட்டுடு, போன தடவை மாதிரி கடைசி நேரத்துல கையை விரிக்காதே. குடும்பத்தோட குறைவில்லாம வாழணும்.

உன் அம்மா
இந்திராணி
பிள்ளையார்பாளையம்

அத்தை போன் பண்ணி எல்லாம் சொல்லுவா, மரியாதையா கேட்டுக்கோ. கிரேஸ் மன்னிச்சது கிரேஸோட பெரிய மனசு. கம்மலைத் தரையில வெச்ச கையைப் பாத்தவ நான். எனக்கு அவ்ளோ பெரிய மனசு கிடையாது, மன்னிக்க மாட்டேன் அந்த ஏலவார்குழலியை.