ஆறு மணிக்குச் சாத்தும் ஜன்னல்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று எறும்பு. நேற்று உப்பு. போன வெள்ளிக்கிழமை விவாகரத்து.

பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஆய்வு மலரைத் தொகுப்பது பதினோரு வருடமாக என் வேலை. பிழை திருத்துவேன், பக்க எண் போடுவேன், அச்சுக்கு அனுப்புவேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படிக்காமல் பிழை திருத்த முடியுமா? முடியும். கண் போதும், மண்டை வேண்டாம்.

புதிதாக வந்த இயக்குநர் புது வேலை ஒன்றை வைத்துவிட்டார். "ஒவ்வொரு ஆய்வுக்கும் அஞ்சு வரி எழுதுங்க. பஸ் ஓட்டுறவர் படிச்சாலும் புரியணும்." மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகள். எனக்கே புரியாததை பஸ் ஓட்டுபவருக்கு எப்படிப் புரியவைப்பேன்?

ஒரே வழிதான். ஆய்வு செய்தவர்களுக்கே போன் போட்டுக் கேட்பது.

பிப்ரவரி 9, திங்கள்

கேட்டால் சொல்கிறார்கள்! அதுவும் வாய் ஓயாமல்.

மண்ணை ஆராய்பவர் நாற்பது நிமிடம் பேசினார். ஒரு கரண்டி மண்ணில் எத்தனை உயிர் என்று ஆரம்பித்து, கடைசியில், "பதினாலு வருஷத்துல என் வீட்டுல கூட யாரும் இதைக் கேட்டதில்லைங்க" என்றார். உப்பு ஆய்வு செய்யும் பெண் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். எவ்வளவு உப்பு சாப்பிடுகிறோம் என்று டாக்டரிடம் பொய் சொல்லும் நோயாளிகள் எல்லாரும் ஒரே அளவு குறைத்துத்தான் சொல்கிறார்களாம். பொய்க்குக்கூட ஒரு அளவு கரண்டி இருக்கிறது.

நான் இதையெல்லாமா பதினோரு வருடம் பக்க எண் போட்டு அனுப்பினேன்?

பிப்ரவரி 12, வியாழன்

வௌவால்கள் பெரும்பாலும் இடத்துக்காகத்தான் சண்டை போடுகின்றனவாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம வீட்டு சோபாவை வந்து பாத்தாங்களா?" என்கிறார்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று வந்தது மருத்துவத் துறை, எண் 94.

மர அறுவை மில்லைச் சுற்றி இரண்டு குடியிருப்புகள். ஒன்று மேட்டில், ஒன்று வாய்க்கால் ஓரம். இரண்டிலும் மில்லில் சும்மா கிடைக்கும் மரத்தூளை அடைத்து எரிக்கிற அடுப்புதான். அதே புகை, அதே வேலை, அதே சாப்பாடு. ஆனால் வாய்க்கால் ஓரத்துப் பெண்களுக்கு மட்டும் மூச்சு இழுப்பு இரண்டு மடங்கு. ஆண்களுக்கு அப்படி இல்லை. "காரணம் தெரியவில்லை" என்று முடிகிறது.

வாய்க்கால் ஓரத்தில் ஏழாவது வீடு என் தங்கையுடையது.

மூன்று வருடமாக இழுப்பு. இரண்டு வைத்தியர்கள் மனசுதான் காரணம் என்றார்கள். புருஷன் லாரியில் வாரம் முழுக்க வெளியூர், தனியாக இருக்கிறாள், அதனால் பயமாம். நானும்தான் சொன்னேன். "கண்டதையும் நினைக்காதே" என்று. என்ன அக்கா நான்.

பிப்ரவரி 23, திங்கள்

பூச்சிக்காரரோடு பேசினேன். இயற்கை அறிவியல், எண் 161. அவர் ஆராய்வது கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒரு பொடிப்பூச்சியை. அதே வாய்க்கால்! நான்கு வருடத்தில் ஐந்து மடங்கு பெருகியிருக்கிறது. மாலை ஆறு மணிக்குத் தண்ணீரைவிட்டு எழும்பி, எட்டு மணி வரை வெளிச்சத்தைத் தேடி அலையும்.

"அந்தப் பூச்சியால இழுப்பு வருமா சார்?"

"நான் பூச்சியைத்தான் எண்ணுறேன், மனுஷங்களை இல்லை. ஆனா அது செத்துப் பொடியானா சிலருக்கு ஒத்துக்காதுன்னு படிச்சிருக்கேன்."

பிடித்துவிட்டேன்! சோறு இறங்கவில்லை இன்று, சந்தோஷத்தில்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மூக்குடைபட்டேன்.

அந்த மருத்துவ ஆய்வு செய்யும் டாக்டரம்மாவை நேரிலேயே போய்ப் பார்த்தேன். காகிதக் குவியலுக்கு நடுவில் இருந்து நிமிர்ந்து, பொறுமையாகத்தான் கேட்டார். "போன வருஷமே சோதிச்சாச்சும்மா. பூச்சிப் பொடியைத் தோல்ல வச்சு ஊசி முனையால கீறிப் பாத்தோம். அறுபது பேர்ல மூணு பேருக்குத்தான் தடிச்சுது. அதுவும் போக, பூச்சி ஆம்பளைங்க மூக்குல மட்டும் போகாதா என்ன?"

ஆமாம், போகும்தானே. எனக்கு ஏன் தோன்றவில்லை?

கதவு வரை வந்தவளை அவர் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க. அந்த வாய்க்கால்ல பூச்சி இவ்வளவு பெருகினது எனக்கே தெரியாது. அதை எண்ணுறவர் உக்காந்திருக்கிறதோ அடுத்த கட்டடத்துல."

மார்ச் 2, திங்கள்

மலர் மலர் என்று உயிரை வாங்குகிறார் இயக்குநர். இன்னும் எழுபது பாக்கி.

மார்ச் 6, வெள்ளி

நிதானமாக எழுதுகிறேன்.

சமூக அறிவியல், எண் 38. மில் குடியிருப்புப் பெண்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்ற ஆய்வு. செய்பவள் என் மகள் வயதுப் பெண். நான் அவளுக்கு மணிப்பொண்ணு என்று பெயர் வைத்திருக்கிறேன், கால் மணி, அரை மணி என்றே பேசுகிறாள். நாற்பது பெண்களிடம் நோட்டு கொடுத்து, செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதச் சொல்லியிருக்கிறாள். பெயர் நீக்கிய மாதிரிப் பக்கம் ஒன்று இணைத்திருந்தாள்.

"5.40 அடுப்பில் தூள் அடைத்தேன். 6.00 ஜன்னல் சாத்தினேன். 6.05 அடுப்பு பற்றவைத்தேன். 8.00 ஜன்னல் திறந்தேன்."

மூன்று முறை படித்தேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஜன்னலை எதற்குச் சாத்துகிறாள்?

தங்கைக்குப் போன் போட்டேன். "சாயங்காலம் ஜன்னலைச் சாத்திட்டா சமைக்கிறே?"

"சாத்தாம? சட்டியில விழுற பூச்சியைப் பொறுக்கிட்டு உக்காரவா? இந்த லைன்ல எல்லாருமே சாத்திடுவோம்."

"புகை?"

"இருக்கும். அதுக்கென்ன பண்றது?"

ஆம்பளைங்க அந்த நேரம் மில்லில், இல்லை வாசலில். உள்ளே இருப்பவள் அவள் ஒருத்திதான். ரெண்டு மணி நேரம். மூணு வருஷம். மேட்டில் பூச்சியும் கிடையாது, ஜன்னலும் சாத்துவதில்லை. ஐயோ, இதைத்தானே நாங்க மனசுன்னு சொன்னோம்.

மணிப்பொண்ணைக் கேட்டேன், ஜன்னல் சாத்துவதை ஆய்வில் எங்கே சேர்த்தாய் என்று. "‘இதர வேலை’ன்னு போட்டுட்டேன் மேடம். ஒரு நிமிஷ வேலைதானேன்னு."

மார்ச் 11, புதன்

மூவரையும் என் அறைக்கே வரவழைத்தேன். இருப்பது இரண்டு நாற்காலி; பூச்சிக்காரர் பழைய மலர்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார். டாக்டரம்மா அந்த மாதிரிப் பக்கத்தைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "அடுப்பு என்ன அடுப்பு, எவ்வளவு தூள், புகைபோக்கி இருக்கா, எல்லாம் கேட்டேன். ஜன்னல் இருக்கான்னும் கேட்டேன். சாத்துவீங்களான்னு கேக்கலை" என்றார்.

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. நல்லாத்தான் இருந்தது.

ஏப்ரல் 15, புதன்

பூச்சி நுழையாமல் ஜன்னலைத் திறந்துவைக்க வலை போட்டால் இழுப்பு குறைகிறதா என்று பார்க்க அனுமதி கிடைத்தது. அறுபது வீடுகள். முப்பதுக்கு இப்போதே ஜன்னல் வலை. மீதி முப்பதுக்கு மூன்று மாதம் கழித்து. எந்த வீடு எதில் என்பது சீட்டுக் குலுக்கி. மருந்து எல்லாருக்கும் உண்டு, விரும்பாதவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எனக்கு இதில் சொந்தம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் குலுக்கல் பக்கமே என்னை விடவில்லை.

தங்கை வீட்டுச் சீட்டு பின்னால் வரும் முப்பதில் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

இரும்புக் கடையில் வலை வாங்கி, ஆணியும் சுத்தியுமாகத் தங்கை வீட்டுக்குப் போனேன். தப்பென்று தெரியும். தெரிந்தேதான் போனேன். கூடப் பிறந்தவள் மூச்சு விட முடியாமல் கிடக்க, நான் கணக்குச் சரியாக வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டுமா?

அவள் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டாள். "எடுத்துட்டுப் போ அக்கா."

"பைத்தியமா உனக்கு? விலகிக்கலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க."

"தெரியும், டாக்டரம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. ஆனா மூணு வருஷமா எனக்கு மனசுலதான் நோய்னு எல்லாரும் சொன்னீங்க. நீயும் சொன்னே. இப்ப முதல் தடவையா ஒருத்தர் எண்ணிப் பாத்துச் சொல்லப் போறாங்க. என் வீட்டையும் எண்ணட்டும். எண்ணி முடிக்கட்டும்."

சுத்தியைப் பைக்குள் போட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

வலை இப்போது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.

மே 29, வெள்ளி

ராட்சசி என் தங்கை. போன் போட்டால், "இந்த வாரம் நாலு நாள் இழுப்பு, எழுதிட்டேன்" என்கிறாள், மார்க் வாங்கியவள் மாதிரி.

மருந்து பையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

ஜூலை 30, வியாழன்

டாக்டரம்மாவே என் அறைக்கு வந்தார். வலை போட்ட வீடுகளில் இழுப்பு வந்த நாள் வாரத்துக்கு நாலிலிருந்து ரெண்டாகக் குறைந்திருக்கிறது. போடாத வீடுகளில் நாலு நாலேதான். "பூச்சியைக் குறைக்கணும், அடுப்பையும் மாத்தணும். வலை மட்டும் போதாது. ஆனா மனசுன்னு இனி யாரும் சொல்ல முடியாது" என்றார்.

மீதி முப்பது வீட்டுக்கும் திங்கட்கிழமை வலை அடிக்கிறார்கள்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து 203-ஆம் ஆய்வைத் திருத்தினேன். நத்தை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

தங்கை வீடு. அவள் சமைத்தாள், நான் வெங்காயம் உரித்தேன். வலைக்கு வெளியே பூச்சி அப்பிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் மாமியார் கதையை ஆரம்பித்தவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் சட்டியை இறக்கினாள்.

கிளம்பும்போது நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். பன்னிரண்டு நாள் மாலை, வலையில் ஒரு சாண் சதுரத்துக்கு எத்தனை பூச்சி என்று எண்ணியிருக்கிறாள். மில்லில் மரத்துக்குப் பூசும் சாயத்தைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விட்ட நாட்களுக்குப் பக்கத்தில் புள்ளி. புள்ளி வைத்த நாளுக்கு மறுநாளெல்லாம் பூச்சி குறைவு. ஆனால் அதே மறுநாட்களில்தான் மூன்று வீட்டில் பிள்ளைகளுக்குச் சொறி. அதையும் எழுதியிருக்கிறாள்.

"ஏன்க்கா அப்படி? இதை நான் யார்கிட்ட கேக்கணும்? பூச்சிக்காரரையா, டாக்டரம்மாவையா, அந்த மணிப்பொண்ணையா?"

தெரியவில்லை என்றேன். மூன்று பிரதி எடுக்க வேண்டும் நாளைக்கு.